பல்லு மிஷினுக்கு முன்னால் போட்ட கோலம்

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் அந்த நம்பரைப் பார்த்தால் அங்கே மணி காயவைக்கும் சூட்டுத் தட்டை அணைக்காமல் வந்துவிட்டேனோ என்றுதான் முதலில் நினைப்பேன். பயந்துகொண்டே எடுத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண், பெயர் நிவேதா.

"மங்காக்காங்களா? கல்லு உடைக்கிற ரூம் கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கே, உங்க கையெழுத்தாமே? அது எதுக்குன்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க. யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்களே ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கக்கா."

சீட்டில் இருப்பது இரண்டே வரி. "இந்த அறைக்குள் கோலம் போடக் கூடாது." அதற்குக் கீழே வேறு மையில், "வெளியே போடலாம், அரிசி மாவில் மட்டும்." முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் ஒரு வருடம் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். பிழை இருந்தால் நிவேதா திருத்திக்கொள்ளட்டும். நான் எட்டாவதோடு நின்றவள். ஒன்பதாம் வகுப்புப் பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. தினமும் தாண்டிப் போக வேண்டுமே என்று அம்மாவுக்குப் பயம். பயம் எங்கள் குடும்பச் சொத்து. எனக்கு அதில் பெரிய பங்கு வந்தது.

பட்டாபிராமில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடந்து போய் நான் சேர்ந்த வேலை கூட்டிப் பெருக்குவது. கான்ட்ராக்ட் ஆள். பக்கத்துக் கட்டடங்களில் எல்லாம் லேத், பிரஸ், பெயின்ட் என்று இருக்க, எங்கள் கூடத்தில் மட்டும் கல்லுக்கு வயது பார்த்தார்கள். முதல் மாதம் எனக்கு அது ஏதோ ஜோசியம் என்றுதான் தோன்றியது.

கூடத்துக்குப் பெரியவர் செண்பகம் மேடம். தென்காசிப் பக்கத்துக்காரர். எத்தனை வருடம் சென்னையில் இருந்தும் அந்தப் பேச்சு மாறவில்லை. ஒருநாள் நான் சல்லடை கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று முறை கழுவிவிட்டு நான்காவது முறை குழாயடியில் பிடித்தபோது பின்னால் வந்து நின்றார்.

"போதும்லா? எத்தனை தடவ கழுவுவிய?"

"ஒரு கண்ணுல இன்னாவோ நிக்குது மேடம். வெளிச்சத்துல பாத்தா தெரியுது."

அவர் வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். ஒரு மணல் அளவு துணுக்கு நின்றது. மறுநாள் என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, என்னைக் கல் அறைக்கு மாற்றினார். "இந்த வேலைக்குப் பயப்படுத ஆளுதான் வேணும்" என்றார். என் பயத்துக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது.

கற்றுக்கொண்டதை எல்லாம் எழுதினால் மலர் முழுக்க நானே இருப்பேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாறைக்குள் சிர்கான் என்று ஒரு பொருள் இருக்கிறது. மணல் துணுக்கு அளவுதான். நாங்கள் அதை மணி என்போம். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. உள்ளே போன யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். எனவே மணிக்குள் ஈயம் இருந்தால், அது அங்கேயே பிறந்த ஈயம். இதை மேடம் மூன்று முறை சொல்லியும் எனக்கு விளங்கவில்லை. ரயிலில் வரும்போது நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். லேடீஸ் பெட்டியில் பெண்களை மட்டும் ஏற்றிக் கதவைப் பூட்டிவிடுகிறோம். பல நாள் கழித்துத் திறந்தால் உள்ளே கைக்குழந்தைகள் இருக்கின்றன. அவை வெளியிலிருந்து ஏறியவை அல்ல. குழந்தைகளை எண்ணினால் வண்டி எத்தனை நாளாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மறுநாள் மேடத்திடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அடுத்த மாதம் கல்லூரிப் பிள்ளைகள் வந்தபோது அதையே சொல்லி விளக்கினார்.

இன்னொன்று. பூமியின் நிலம் ஒரே நாளில் வந்ததல்ல. பழைய நிலம் ஆழத்துக்குப் போய் உருகி மறுபடி பாறையாக மேலே வரும். அப்போது மற்றதெல்லாம் கரைந்தாலும் சில சிர்கான் மணிகள் கரையாமல் நிற்கும். அவற்றின் மேல் புதிதாக ஒரு பூச்சு வளரும். சீரக மிட்டாயைப் போல. மேலே சர்க்கரை, உள்ளே சீரகம். சர்க்கரையின் வயது புதுப் பாறையின் வயது. சீரகத்தின் வயது, அதற்கு முன்னால் அங்கே இருந்த நிலத்தின் வயது. அந்தச் சீரகத்தைத் தேடித்தான் எங்கள் கூடமே நடந்தது.

கல் வந்ததும் முதலில் அதைத் தேய்த்துக் கழுவுவோம். ஒரு மூலையை அறுத்து, துணியில் சுற்றி, பெயர் எழுதி அலமாரியில் வைப்போம். அதற்குப் பெயர் சாட்சி. பின்னால் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு. மீதிக் கல் பல்லு மிஷினுக்குப் போகும். இரும்புத் தாடை இரண்டு அசைந்து அசைந்து கல்லைக் கடிக்கும். தூள் கீழே தட்டில் விழும். அதை ஓட்டியவர் டில்லிபாபு. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர், என் வயதுதான். மிஷினுக்கு அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்.

ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் கம்பிப் பிரஷ், காற்றுக் குழாய், துணி என்று மிஷினைச் சுத்தம் செய்வோம். அப்படியும் இடுக்கில் முந்தைய கல்லின் தூள் நிற்கும் என்பதால் ஒரு விதி உண்டு: புதுக் கல்லில் முதல் கை குப்பைக்கு. அதாவது முதலில் ஒரு கைப்பிடி உடைத்து, மிஷின் பல்லை அந்தக் கல்லாலேயே துலக்கி, அந்தத் தூளை எறிந்துவிட வேண்டும். இரண்டாவது கையிலிருந்துதான் பையில் சேரும்.

பிறகு சல்லடை. பிறகு தொட்டித் தண்ணீரில் அரிப்பது. அரிசியில் கல் அரிக்கும் அதே கைதான். வீட்டில் கல்லை எறிந்துவிட்டு அரிசியை எடுப்போம், இங்கே அரிசியை எறிந்துவிட்டுக் கல்லை எடுப்போம். பிறகு காந்தம். பிறகு, புகையை உறிஞ்சும் பெட்டிக்குள் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கனமான திரவத்தில் கொட்டுவோம். சாதாரணக் கல் மிதக்கும், சிர்கான் மூழ்கும். மூழ்கியதைக் கழுவிக் காயவைத்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஊசி நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக ஒட்டுவேன். மேலே பிசின் ஊற்றி, இறுகியதும் மணிகள் பாதி தெரியும்வரை தேய்த்துக் கொடுப்பேன். அதற்கப்புறம் லேசர் அறை, அது படித்தவர்கள் வேலை.

மணி பொறுக்குவதில் மேடம் ஒரு விஷயத்தில் கறார். "அழகா இருக்கதை மட்டும் பொறுக்காதிய. நீளம், குட்டை, உருண்டை, உடைஞ்சது, எல்லாத்துலயும் எடுங்க. நமக்குப் பிடிச்சதை எடுத்தா நமக்குப் பிடிச்ச பதில்தான் வரும்."

அவர் திட்டி நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால் எதிரில் உட்காரவைத்து, நாம் சொல்லி நிறுத்திய இடத்தில் "அப்புறம்?" என்பார். மறுபடி நிறுத்தினால் மறுபடி "அப்புறம்?" வயிற்றில் இருப்பது எல்லாம் வெளியே வந்த பிறகுதான் எழுந்திருப்பார். திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வேர்த்திருக்காது.

இப்போது கோலத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் கார்த்திகா என்று ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். சேலத்துப் பெண். பல்லாவரம் பக்கம் மூடிப்போன ஒரு குவாரியில், கறுத்த பாறைக்கு நடுவே வெள்ளைக் கோடாக ஓடிய ஒரு கல்லை அவளும் மேடமும் எடுத்துவந்தார்கள். ஒரு சின்னத் தேங்காய் அளவுதான். அடுத்த மாதமே அந்தக் குவாரியில் அடுக்குமாடிக்குக் கம்பி கட்டத் தொடங்கிவிட்டார்கள். இன்னொரு முறை கல் எடுக்க வழியில்லை. அவளுடைய பட்டமே அந்த ஒரு கல்லை நம்பி இருந்தது.

அந்தச் சமயம்தான் ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் தெரியுமே, தெருவெல்லாம் பொரியும் வாழைக்கன்றும். நாங்களும் மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். பல்லு மிஷினுக்கு முன்னால் தரையில் பெரிதாக ஒரு கோலம் போட்டேன்.

"இன்னாக்கா, தரைக்கு மட்டும்தானா? வாய்க்கு நேரா ஒரு ஸ்டார் போடு. நம்மளுக்கு சோறு போடுற வாய்க்கா அது" என்றார் டில்லி.

சரி என்று தூள் விழும் தட்டிலும் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டேன்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குக் கொஞ்சமாவது மிஷினை ஓட்டிவிட வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். மேடமும் கார்த்திகாவும் விடுமுறை. நானும் டில்லியும் மட்டும் வந்து கற்பூரம் காட்டினோம். வரிசையில் முதலில் இருந்தது கார்த்திகாவின் வெள்ளைக் கல். டில்லி அதில் ஒரு துண்டை எடுத்து, "நல்ல நாள்ல ஸ்டார்ட் பண்ணா பொண்ணு சீக்கிரம் டாக்டர் ஆயிடும்" என்று சொல்லி மிஷினில் போட்டார். ஒரு கைப்பிடித் தூள், தட்டில் இருந்த நட்சத்திரத்தின் மேலேயே விழுந்தது. அதற்குமுன் கோலத்தை அழிக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

கூடத்து விதிப்படி முதல் கை குப்பைக்கு. ஆனால் விஜயதசமியன்று உடைத்த முதல் கையைக் குப்பையில் போடுவார்களா? கல்லோ கொஞ்சம்தான். பிரஷ்ஷால் தட்டைச் சுத்தமாக வழித்து, கார்த்திகாவின் பையில் போட்டுக் கட்டினேன். வெள்ளைத் தூளோடு வெள்ளைத் தூள். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தினம் தினம் எதற்கெல்லாமோ பயந்த நான், அன்றைக்கு ஒருநாள் மட்டும் பயப்படவில்லை. நல்ல நாள் அல்லவா!

மணி பொறுக்கும்போது நான்காவது வரிசையில் ஒன்று தனியாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் பழுப்பு, நீளம். இது மட்டும் உருண்டை, லேசாக ரோஜா நிறம். எல்லாவற்றிலும் எடு என்பதுதானே விதி? எடுத்து ஒட்டினேன்.

லேசர் அறையிலிருந்து கார்த்திகா ஓடிவந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு கால் செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா! உங்க நாலாவது வரிசை மணி முந்நூறு கோடி வருஷத்துக்கும் மேலக்கா! மத்ததெல்லாம் இருநூத்தம்பது கோடிதான். அந்தப் பாறைக்கு அடியில இன்னும் பழைய நிலம் இருந்திருக்குக்கா!"

கூடம் முழுக்க ஜிலேபி. பதினைந்து நாளில் கார்த்திகா பெரிய கூட்டம் ஒன்றில் இதைச் சொல்லப்போகிறாள் என்றார்கள். மேடம் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிட்டேன். மேல ஒரு கையெழுத்துதான் பாக்கி" என்றார்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் கோலம் போட்டேன். பூஜைக்குப் போட்ட அதே கோலமாவு, கொரட்டூர் சந்தையில் வாங்கியது. புள்ளி வைத்து இழுக்கும்போது விரல் சட்டென்று நின்றுவிட்டது. நல்ல கோலமாவு நைசாக இருக்காது. நைசாக இருந்தால் விரலில் ஒட்டும். கொரகொரவென்று இருந்தால்தான் இழை அறுபடாமல் இறங்கும். அந்தக் கொரகொரப்பு என் விரலுக்கு வேறு ஒரு இடத்திலும் பழக்கம். எங்கள் சல்லடையில் இறங்கும் தூள் அச்சாக இப்படித்தான் இருக்கும். கோலமாவும் கல்லை உடைத்துச் சலித்ததுதானே!

பாதிக் கோலத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

டில்லியிடம்தான் முதலில் சொன்னேன்.

"அக்கா, நீ கேஸ் அணைச்சியான்னு ஆவடியில எறங்கித் திரும்பிப் போன ஆளு. உனுக்கு இதே வேலை. சும்மா இருக்கா."

"கோலமாவுல சிர்கான் இருந்தா?"

"இருந்தா இருந்துட்டுப் போவுது! யாருக்குத் தெரியும்? உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். உன் ஆர்டர் கையெழுத்துக்குப் போயிகீது. இப்ப போயி வாயக் குடுப்பாங்களா?"

"அந்தப் பொண்ணு நாலு பேரு முன்னாடி நின்னு சொல்லப்போவுதே டில்லி. சொன்னப்புறம் எவனாவது கேட்டா?"

அவர் துணியை எடுத்து மிஷின் வாயை ஒருமுறை துடைத்தார். "ஸ்டாரு போடச் சொன்னது நான்தான்னு சேத்துச் சொல்லிடு. தனியா மாட்டாதே" என்றார்.

மேடத்தின் அறையில் கார்த்திகாவும் இருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"பூஜை அன்னிக்கு மிஷினாண்ட கோலம் போட்டேன் மேடம்."

"சரி. அப்புறம்?"

"தட்டுலயும் போட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள் அதும்மேலயே வெள்ளைக் கல்ல ஒரு கை உடைச்சோம்."

மேடத்தின் பேனா நின்றது. "முதல் கையை என்ன செஞ்சிய?"

"பையில போட்டுட்டேன்."

"அப்புறம்?" என்றார். அழுதுவிட்டேன்.

கார்த்திகா எழுந்து வெளியே போய்விட்டாள். மேடம் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார். "எதுக்கு அழுதிய? இன்னும் எதுவும் தெரியாதுலா. சந்தேகம்தான் வந்திருக்கு. சந்தேகம் வந்தா யாரைக் கேக்கணும்?"

"சாட்சியை."

"கேப்போம். அந்தக் கோலமாவு வீட்டுல மிச்சம் இருக்கா?"

"அரை டப்பா கீது மேடம்."

"அதையும் கொண்டாங்க. அதும் கல்லுதானே, அதுக்கும் வயசு பாப்போம்."

எங்கள் வேலையில் சாட்சியைத் தொடுவது லேசான காரியமல்ல. அதையும் உடைத்துவிட்டால் பிறகு கேட்க ஆளில்லை. மேடம் அதைச் சரிபாதியாக அறுக்கச் சொன்னார். ஒரு பாதியை மறுபடி துணியில் சுற்றிவைத்தோம். மிஷினின் தாடையையே கழற்றித் தேய்த்தோம். குங்குமப் பொட்டு வைத்தவர்கள் ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினார்கள். டில்லி பான்பராக்கைக்கூட வெளியே வைத்துவிட்டு வந்தார். முதல் கை குப்பைக்குப் போனது. இரண்டாவது கையையும் நான் குப்பைக்கே அனுப்பப் பார்த்தேன். "அக்கா, அப்பால சாட்சியே இருக்காது" என்று டில்லி என் கையைத் தட்டிவிட்டார். சாட்சிக் கல்லை முடித்து, எல்லாவற்றையும் கழுவி, அதன் பிறகு தனிச் சல்லடை, தனித் தொட்டியில் என் கோலமாவு.

இரண்டு நாள் கார்த்திகா என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் நான் மணி பொறுக்கும்போது பக்கத்தில் இன்னொரு மைக்ராஸ்கோப்பை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"தள்ளுங்கக்கா. ரெண்டு பேரும் பொறுக்குனா சீக்கிரம் முடியும்."

"உனக்குக் கோவம் இல்லியா கண்ணு?"

"நிறைய இருக்கு. கூட்டம் முடிஞ்சப்புறம் படுறேன், இப்ப நேரமில்ல."

சாட்சியில் எனக்கு ஒரு உருண்டை மணிகூட அகப்படவில்லை. எல்லாம் பழுப்பு, நீளம். மனதுக்குள் எத்தனையோ சாமியைக் கூப்பிட்டேன். ஒரே ஒரு ரோஜா நிற மணியைக் கண்ணில் காட்டு என்று. வரவில்லை. கோலமாவுத் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதல் பார்வையிலேயே இரண்டு உருண்டை தெரிந்தது.

லேசர் அறைக்கு அன்று எங்களையும் உள்ளே விட்டார் மேடம். நானும் டில்லியும் கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்த மாதிரி சுவரோரம் நின்றோம். சாட்சியின் மணிகள் ஒவ்வொன்றாக வந்தன. இருநூற்றைம்பது கோடி. இருநூற்றைம்பது கோடி. கடைசிவரை அதேதான். பிறகு கோலமாவு. அதில் பல வயது கலந்து கிடந்தது. அந்த உருண்டை மணிகளில் மூன்று, முந்நூறு கோடியைத் தாண்டின. பல்லாவரத்து மணி என்று நம்பி நாங்கள் ஜிலேபி சாப்பிட்டோமே, அந்த மணிக்கு அண்ணன் தம்பிகள்.

மேடம்தான் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த மணி பொய் சொல்லல. வேற ஊரு உண்மையச் சொல்லுது. நாமதான் ஊரை மாத்திக் கேட்டுட்டோம்."

கார்த்திகா முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோதுதான் பாதி சிரிப்பு என்று தெரிந்தது.

"அக்கா, நான் மூணு வருஷமா தேடுறத நீங்க பத்து ரூபாய்க்கு வாங்கி வாசல்ல போட்டுட்டு இருக்கீங்க!"

டில்லி அந்த நேரம் பார்த்து, "மிஷின் முன்னாடி போட்டா இன்னா, மேடம், கோலம் அழகாத்தானே இருந்துச்சு" என்றார். மேடமே சிரித்துவிட்டார்.

கூட்டத்தில் கார்த்திகா இருநூற்றைம்பது கோடியைப் பற்றி மட்டும் பேசினாள். ஜிலேபிக்குக் காரணமான மணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது, ஆனால் வந்தது. கோபத்தை அவள் சொன்னபடி கூட்டம் முடிந்த பிறகு பட்டாள். ஒரு மத்தியானம் முழுக்க. பிறகு நாங்கள் டீ குடித்தோம்.

அந்தக் கோலமாவு எந்த மலையுடையது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று அவளும் டில்லியும் கொரட்டூர் சந்தைக்குப் போனார்கள். வண்டிக்காரர் அவர்களை ஏதோ ஆபீசிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"கல்லுமாவுதான்மா, கலப்படம் ஒண்ணும் கெடையாது!"

"கலப்படம் இல்லேன்றதுதான் நைனா பிரச்சினையே" என்றாராம் டில்லி. "இது எங்கேர்ந்து வருது?"

"லாரில வருது."

"லாரி எங்கேர்ந்து வருது?"

"ரோட்லேர்ந்து வருது. ஒரு படி போடட்டா, வேணாவா?"

ஒரு படி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த மலை எது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தப் படி மாவு வீணாகவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு மணி பொறுக்கக் கைப்பழக்கத்துக்கு அதைத்தான் கொடுப்பார் மேடம்.

என் ஆர்டர் விஷயம். முடிவு தெரிந்த அன்றே மேடத்திடம் போனேன். "அந்தக் கடுதாசியை வேணா திருப்பி வாங்கிக்கிங்க மேடம். எனுக்குச் சம்மதம்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஏன் அதையும் இதையும் சேக்கிய? ரெண்டும் வேற வேற பை."

அடுத்த வாரம் கையெழுத்து வந்தது.

அன்று நானே ஒரு காகிதம் எடுத்து முதல் வரியை எழுதிக் கதவில் ஒட்டினேன். அடுத்த வருடம் ஆயுத பூஜையன்று டில்லி அந்தச் சீட்டைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கோலம் இல்லாத பூஜையா, மிஷின் கோபித்துக்கொள்ளாதா என்று. மேடம் தன் சாப்பாட்டுக் கூடையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அரிசிமாவு. வெளிய போடுங்க. எறும்பாவது திங்கும். அதுல வயசு பாக்க ஒண்ணும் கிடையாது."

அதனால்தான் நிவேதா, இரண்டாவது வரி வேறு மையில் இருக்கிறது.

இப்போது வீட்டில் தினமும் கல்மாவுக் கோலம்தான். எங்கள் வாசலில் யாரும் வயது பார்க்க வருவதில்லை. புள்ளி வைக்கும்போது விரல் இன்னமும் ஒரு நொடி நிற்கும். இதில் எந்த ஊர் நிலம் இருக்கிறதோ, எத்தனை முறை உருகி எழுந்ததோ, அதன் மேல் இப்போது காலை வைத்துப் போவார்களே என்று ஒரு கவலை வரும். ஆறு மணிக்குப் பால்காரர் வண்டி நேராகக் கோலத்தின் நடுவில்தான் வந்து நிற்கும். முன்பெல்லாம் சத்தம் போடுவேன். இப்போது போடுவதில்லை. முந்நூறு கோடி வருடம் தாங்கியது, பால்காரர் வண்டியைத் தாங்காதா?